தர்க்கவியலை ஆசிரியர் இல்லாமல் படிக்க எந்த வழி நல்லது?

"மின்சாரம் போனால் மோட்டார் நின்றுவிடும். மோட்டார் நின்றுவிட்டது. ஆகவே மின்சாரம் போயிருக்கிறது." கேட்டதும் சரியென்று தலையாட்டத் தோன்றும். ஆனால் தொட்டி நிரம்பியதும் யாராவது சுவிட்சை அணைத்திருக்கலாம், காயில் எரிந்திருக்கலாம். முதல் இரண்டு வாக்கியங்களும் உண்மையாக இருந்தும் மூன்றாவது பொய்யாக இருக்க இடமிருக்கிறது. மோட்டாரை எடுத்துவிட்டு அந்த இடத்தில் காய்ச்சல், கடன், தேர்தல் என எதை வைத்தாலும் இதே ஓட்டை அப்படியே இருக்கும். பேசப்படும் விஷயத்தை ஒதுக்கி வைத்து, வாதத்தின் வடிவத்தை மட்டும் பார்த்து, அது தாங்குமா தாங்காதா என்று சொல்வதுதான் குறியீட்டுத் தர்க்கவியலின் வேலை.

இதைச் சொந்தமாகப் படிக்க நினைப்பவர் முன்னால் இன்று பல வழிகள் இருக்கின்றன. பள்ளிப் பாடநூல், புதிர்கள், இலவச ஆங்கிலப் புத்தகம், கணினி நிரூபண மென்பொருள், வீடியோ வகுப்பு, இலங்கையின் தமிழ்வழிப் பாடத்திட்டம். எல்லாமே நல்லவை என்று சொல்லி முடித்துவிடலாம். ஆனால் தேர்ந்தெடுக்க ஒரு அளவுகோல் வேண்டும். என்னுடையது ஒன்றே ஒன்றுதான்: நான் தப்பு செய்தால் அதை எனக்கு யார் சொல்வார்கள்?

இது ஏன் அவ்வளவு முக்கியம் என்பதற்குப் பீட்டர் வாசன் என்ற உளவியலாளர் 1966-இல் முன்வைத்த சோதனையைப் பாருங்கள். நம் எழுத்துகளை வைத்தே செய்யலாம். மேசையில் நான்கு அட்டைகள்: அ, க, 4, 7. ஒவ்வொரு அட்டையிலும் ஒரு பக்கம் எழுத்து, மறுபக்கம் எண். விதி இது: ஒரு பக்கம் உயிரெழுத்து இருந்தால் மறுபக்கம் இரட்டைப்படை எண் இருக்கும். விதி மீறப்பட்டிருக்கிறதா என்று பார்க்க எந்தெந்த அட்டைகளைத் திருப்ப வேண்டும்? பலரும் அ, 4 என்பார்கள். சரியான விடை அ, 7. 4-இன் பின்னால் உயிரெழுத்து அல்லாத எழுத்து இருந்தாலும் விதிக்கு ஒன்றும் ஆகாது. 7-இன் பின்னால் உயிரெழுத்து இருந்தால்தான் விதி உடையும். 4-ஐத் திருப்பச் சொல்லும் அதே உள்ளுணர்வுதான் நின்றுபோன மோட்டாரைப் பார்த்து மின்சாரத்தைக் குற்றம் சொல்கிறது. கவனிக்க வேண்டிய இன்னொன்று, 4 என்று சொல்பவர்கள் தயங்கிச் சொல்வதில்லை. தர்க்கத் தப்பு, செய்பவர் கண்ணுக்குச் சரியாகவே தெரியும். அதனால்தான் திருத்த ஆள் வேண்டும் என்கிறேன்.

செலவில்லாத முதல் வழி தமிழ்நாட்டுப் பாடநூல். பன்னிரண்டாம் வகுப்புக் கணிதப் புத்தகத்தின் இரண்டாம் தொகுதியில் கடைசிப் பாடத்தைத் திறந்தால் கூற்றுகள், அவற்றைச் சேர்க்கும் இணைப்பிகள் ('அல்லது' போன்றவை), உண்மை அட்டவணைகள் என்று சுருக்கமாக வந்துவிடும். தமிழிலேயே இருக்கிறது, பிடிஎஃப் இலவசம், பின்னால் விடைகளும் உண்டு. சிறு கூற்றுகள் ஒவ்வொன்றும் உண்மையாகவோ பொய்யாகவோ இருக்கும் எல்லா நிலைகளையும் வரிசைகளாக எழுதி, ஒவ்வொன்றிலும் முழுக் கூற்று என்ன ஆகிறது என்று பார்ப்பதுதான் உண்மை அட்டவணை; 1921 வாக்கில் தத்துவவாதி விட்கன்ஸ்டைன், கணிதவியலாளர் எமில் போஸ்ட் ஆகியோரின் எழுத்துகள் வழியே பரவிய முறை. யோசிக்கவே வேண்டாம், வரிசைகளை நிரப்பினால் போதும். திருத்துவதும் எளிது: விடையோடு ஒப்பிட்டால் எந்தக் கட்டத்தில் சறுக்கினோம் என்று தெரிந்துவிடும்.

இங்கே பலரும் மாட்டிக்கொள்ளும் இடம் 'ஆனால்' இணைப்பிதான் ('இப்படியானால் அப்படி' என்ற பொருளில் வருவது). முன்பகுதி பொய்யாக இருந்தால் முழுக் கூற்றும் உண்மை என்று அட்டவணை சொல்லும்போது எரிச்சல் வரும். "நீ பாஸானால் சைக்கிள் வாங்கித் தருகிறேன்" என்று அப்பா சொல்கிறார். பையன் பெயிலாகிறான், அப்பா பாவம் பார்த்து சைக்கிள் வாங்கித் தருகிறார். வாக்கு தவறினாரா? இல்லை. பெயிலான பையனுக்கு வாங்கித் தராமல் விட்டிருந்தாலும் வாக்குத் தவறவில்லை. பையன் பாஸாகியும் சைக்கிள் வராத ஒரே நிலையில்தான் அப்பா சொன்னது பொய்யாகிறது. நான்கு வரிசைகளில் ஒன்று மட்டும் பொய் என்பதன் அர்த்தம் இவ்வளவுதான். இதை ஏற்றுக்கொள்ளாமல் மேலே போகாதீர்கள். பின்னால் வரும் எல்லாமே இதன்மேல்தான் நிற்கிறது.

ஆனால் அட்டவணையோடு நின்றுவிட்டால் தர்க்கவியலின் வாசலோடு திரும்பியதாகிவிடும். ஒரு காரணம் அளவு: இரண்டு கூற்றுகளுக்கு 4 வரிசை, ஐந்துக்கு 32, பத்துக்கு 1024. அதைக்கூடக் கணினியிடம் விட்டுவிடலாம். பெரிய குறை வேறு. "எல்லா மருந்தும் கசக்கும். இது மருந்து. ஆகவே இது கசக்கும்." குழந்தைக்கும் தெரியும் இது சரியென்று. அட்டவணையில் போட்டால் இது தொடர்பே இல்லாத மூன்று கூற்றுகள். 'செல்லாது' என்றே வரும். 'எல்லா', 'சில' ஆகியவை வாக்கியத்துக்கு உள்ளே இருக்கின்றன, அட்டவணைக்கு உள்ளே பார்க்கக் கண் இல்லை. ஆகவே இந்த வழிக்கு ஒரு வாரம் கொடுங்கள், அதற்கு மேல் வேண்டாம்.

இரண்டாவது வழி புதிர்கள். உண்மை மட்டுமே பேசும் மெய்யர்களும் பொய் மட்டுமே பேசும் பொய்யர்களும் வாழும் தீவு பலருக்கும் தெரிந்ததுதான். இந்த வகைப் புதிர்களைத் தர்க்கவியலாளர் ரேமண்ட் ஸ்மல்யன் 1978 முதல் பல புத்தகங்களில் வளர்த்தெடுத்தார். அங்கே கந்தன் சொல்கிறான்: "நான் பொய்யன், அல்லது முருகன் மெய்யன்." இருவரும் யார்? கந்தன் பொய்யன் என்று வைத்துப் பாருங்கள். அப்படியானால் "நான் பொய்யன்" என்ற பாதி உண்மையாகி, 'அல்லது' இருப்பதால் முழுப் பேச்சும் உண்மையாகிவிடும். பொய்யன் உண்மை பேச மாட்டான், ஆகவே கந்தன் மெய்யன். அவன் பேச்சு உண்மை; அதில் முதல் பாதி பொய்; எனவே இரண்டாவது பாதி உண்மையாக இருந்தே தீர வேண்டும். முருகனும் மெய்யன்.

இந்த நான்கைந்து வரிகளுக்குள் இரண்டு முழு நிரூபண உத்திகள் இருக்கின்றன. ஒன்றை வைத்துக்கொண்டு முரண்பாட்டுக்கு இழுத்துப்போவது. 'அல்லது'வில் ஒரு பக்கம் அடைபட்டால் மறுபக்கத்தைப் பிடிப்பது. குறியீட்டைக் கண்டு பயப்படுகிறவருக்கும் பள்ளிப் பிள்ளைகளுக்கும் இதைவிட நல்ல தொடக்கம் எனக்குத் தெரியாது. திருத்தமும் உள்ளேயே இருக்கிறது: வந்த விடையைத் திரும்பப் பொருத்திப் பார்த்தால் ஒத்துப்போகிறதா என்று தெரிந்துவிடும். ஆனால் விடை சரி என்பது தெரியுமே தவிர, அங்கே போன பாதை சரியா என்பது தெரியாது. தப்பான காரணம் சொல்லிச் சரியான விடைக்கு வந்தவரைப் புதிர் பாராட்டி அனுப்பிவிடும்.

பாதையைத் திருத்துவது மூன்றாவது வழி. நேச்சுரல் டிடக்‌ஷன் என்ற நிரூபண முறையில் எழுதப்பட்ட பாடப்புத்தகம், அதோடு ஒரு கணினிச் சரிபார்ப்பான். தனியாகப் படிக்கும் பெரும்பாலானோருக்கு நான் சொல்வது இதைத்தான்.

கணிதக்காரர்கள் உண்மையில் எப்படி யோசிக்கிறார்களோ அதற்கு நெருக்கமாக விதிகளை அமைக்க வேண்டும் என்று கெர்ஹார்ட் கென்ட்சன் 1934-35-இல் கொண்டுவந்த முறை இது. போலந்துக்காரரான யாஷ்கோவ்ஸ்கி அதே காலத்தில் தனியாக இதையே கண்டடைந்தார். பிறகு ஃபிட்ச் 1952-இல் தன் பாடநூலில் பயன்படுத்திய எழுத்து வடிவம் இன்று வகுப்பறைகளில் பரவலாக இருக்கிறது. நம் மோட்டாரையே எடுத்துக்கொள்வோம். மின்சாரம் போனால் மோட்டார் நிற்கும், மோட்டார் நிற்கவில்லை, ஆகவே மின்சாரம் போகவில்லை. 'மின்சாரம் போனது' என்பதை 'மி' என்றும், 'மோட்டார் நின்றது' என்பதை 'நி' என்றும் வைத்தால் ('→' என்பது 'ஆனால்' இணைப்பி, '¬' என்பது 'இல்லை'):

1. மி → நி (தரப்பட்டது)
2. ¬நி (தரப்பட்டது)
3. | மி (தற்காலிகமாக வைத்துக்கொள்வது)
4. | நி (1, 3-இலிருந்து)
5. | முரண்பாடு (2, 4-இலிருந்து)
6. ¬மி (3 முதல் 5 வரை)

3-ஆவது வரியில் ஒரு கோடு தொடங்குகிறது. 'சரி, மின்சாரம் போனதென்றே வைத்துக்கொள்வோம்' என்று ஒரு தனி அறைக்குள் நுழைகிறோம். உள்ளே முரண்பாடு வந்ததும் அறையை மூடிவிட்டு, வைத்துக்கொண்டது தப்பு என்ற முடிவோடு வெளியே வருகிறோம். இந்த அறைக் கணக்கில்தான் புதியவர்கள் சறுக்குவார்கள். வெளியே வந்த பிறகு, 7-ஆவது வரியில் ஏதோ ஒரு தேவைக்கு 4-ஆவது வரியின் 'நி'யை எடுத்துப் பயன்படுத்துவார்கள். தாளில் அது ஏற்கெனவே நிரூபித்த வரி போலவே தெரியும். ஆனால் அது மூடிய அறைக்குள் மட்டுமே செல்லும். நாமே திருத்தினால் இந்தத் தப்பு கண்ணில் படாது. சரிபார்ப்பான் உடனே அந்த வரியில் சிவப்புக் காட்டும். திரும்பத் திரும்ப அப்படி மாட்டிய பிறகு, ஒருவர் பேச்சுக்கு வைத்துக்கொண்ட விஷயத்தையே நிரூபித்த விஷயமாக நடுவில் மாற்றுவதைப் பத்திரிகைக் கட்டுரையிலும் மேடைப் பேச்சிலும் கண்டுபிடிக்கக் கை பழகிவிடும். தர்க்கவியல் படிப்பதன் உண்மையான பலன் என்று நான் எண்ணுவது இந்தப் பழக்கத்தைத்தான்.

எந்தப் புத்தகம்? பி. டி. மேக்னஸ் எழுதிய 'ஃபார் ஆல் எக்ஸ்' இலவசமாகக் கிடைக்கிறது. கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் வந்ததால் மற்ற ஆசிரியர்கள் அதை எடுத்து வளர்த்தார்கள்; அவற்றில் கால்கரி பதிப்பைத் தேர்ந்தெடுங்கள். பயிற்சிகளுக்குத் தனி விடைப் புத்தகம் உண்டு. அதன் விதிகளுக்கேற்ற சரிபார்ப்பான் ஓப்பன் லாஜிக் புராஜெக்ட் தளத்தில் பிரவுசரிலேயே ஓடுகிறது, கணக்குத் தொடங்க வேண்டியதில்லை. ஆங்கிலம் எளிமையானது. இந்தியக் கல்லூரிகளில் பெயர்பெற்ற இர்விங் கோப்பியின் புத்தகமும் நல்லதுதான். முதற்பதிப்பு 1953-இல் வந்தது. ஆனால் தடிமன் அதிகம், விலையும் அதிகம், சாதாரணப் பேச்சின் வாதப் பிழைகளுக்கே கணிசமான பக்கங்கள் போகின்றன, நிரூபணத்துக்கு 19 விதிகளை நினைவில் வைக்க வேண்டும். தத்துவம் மேஜர் எடுத்தவருக்குக் கோப்பி தேவைப்படும். மற்றவர்கள் மேக்னஸோடு தொடங்கலாம்.

அட்டவணையால் முடியாத 'எல்லா', 'சில' இதே புத்தகத்தின் பின்பாதியில் வருகின்றன. அதற்கு வழி திறந்தவர் ஜெர்மானியத் தர்க்கவியலாளர் ஃபிரேகே, 1879-இல். இங்கே வரிசைதான் விளையாட்டு. "ஒவ்வொரு பூட்டுக்கும் அதைத் திறக்கும் ஒரு சாவி உண்டு" என்பதும் "எல்லாப் பூட்டையும் திறக்கும் ஒரு சாவி உண்டு" என்பதும் வேறு வேறு. இரண்டாவதிலிருந்து முதலாவது வரும். முதலாவதிலிருந்து இரண்டாவது வராது. குறியீட்டில் எழுதினால் 'எல்லா'வும் 'உண்டு'ம் இடம் மாறியிருப்பது கண்ணெதிரே தெரியும். பேச்சில் இது நழுவிவிடும். "எல்லாவற்றுக்கும் ஒரு காரணம் உண்டு, ஆகவே எல்லாவற்றுக்கும் காரணமான ஒன்று உண்டு" என்ற வாதம் தாவுவதும் இதே இடத்தில்தான். முன்பாதியை முடித்துவிட்டுக் களைத்துப்போய் நிறுத்துகிறவர்கள் இந்தப் பகுதியை இழக்கிறார்கள். தயவுசெய்து நிறுத்தாதீர்கள்.

நிரல் எழுதத் தெரிந்தவர்கள் நேராக லீன் பக்கம் போகலாமா என்று கேட்பார்கள். லீன் என்பது மைக்ரோசாஃப்ட் ரிசர்ச்சில் லியோனார்டோ டி மோரா 2013-இல் தொடங்கிய நிரூபண மொழி. அதை வைத்து லண்டன் இம்பீரியல் கல்லூரியின் கெவின் பஸ்ஸார்ட், முகமது பெத்ராம்ஃபார் இருவரும் உருவாக்கிய நேச்சுரல் நம்பர் கேமில், இயல் எண்களின் கூட்டல் பெருக்கல் விதிகளை ஒவ்வொரு நிலையாக நிரூபித்துக்கொண்டே போகலாம். உலகத்திலேயே கண்டிப்பான வாத்தியார் இதுதான். ஒரு எழுத்து தப்பினாலும் விடாது. விளையாட்டுச் சுவையும் சேர்ந்திருப்பதால் நேரம் போவது தெரியாது.

அந்தச் சுவைதான் எனக்குள்ள தயக்கமும். கட்டளைகளை மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்து, ஏதோ ஒன்று பொருந்தி நிலை முடிந்துவிட்டால், ஏன் முடிந்தது என்று கேட்காமல் அடுத்ததற்குப் போய்விடத் தோன்றும். மென்பொருள் திருத்துகிறது, ஆனால் புரிந்ததா என்று கேட்பதில்லை. தாளில் பேனாவால் சில நிரூபணங்களை முழுதாக எழுதியவர் லீனுக்கு வந்தால், திரையில் நடப்பது தனக்குத் தெரிந்த அதே அறைக் கணக்குதான் என்று அடையாளம் காண்பார். அப்படி எழுதிப் பார்க்காமல் வருகிறவருக்கு அது மந்திரமாகவே இருந்துவிடும். ஆகவே மேக்னஸின் முன்பாதிக்குப் பிறகு லீன். அப்புறம் இரண்டையும் சேர்த்தே கொண்டுபோகலாம்.

வீடியோ வகுப்புகளைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. என்.பி.டி.இ.எல். என்ற இணையவழிப் பாடத் தளத்தில் ஐ.ஐ.டி. பேராசிரியர்களின் தர்க்கவியல் தொடர்கள் இலவசம். கோர்செராவில் ஸ்டான்ஃபோர்டின் மைக்கேல் ஜெனெசெரெத் நடத்தும் வகுப்பில் பயிற்சிகளும் உண்டு. காலக்கெடு வைத்து யாராவது தள்ளினால்தான் படிப்பேன் என்பவருக்கு இவை உதவும். மற்றபடி, அடுத்தவர் நிரூபணம் எழுதுவதைப் பார்க்கும்போது எல்லாம் புரிந்தது போலவே இருக்கும்; தாளை எடுத்து உட்கார்ந்தால் முதல் வரி வராது. ஓர் இடத்தில் புத்தகம் புரியவில்லை என்றால் அந்த இடத்துக்கு மட்டும் வீடியோவைப் பாருங்கள்.

தமிழில்தான் படிப்பேன் என்பவருக்குத் தமிழ்நாட்டில் கிடைப்பதைவிட இலங்கையில் கிடைப்பது அதிகம். அங்கே உயர்தரக் கலைப்பிரிவில் 'அளவையியலும் விஞ்ஞான முறையும்' என்று ஒரு பாடமே இருக்கிறது. பள்ளி மாணவர்கள் எடுப்புகளை (நாம் கூற்றுகள் என்பவை) குறியீட்டாக்கம் செய்வதையும், உண்மை அட்டவணை போடுவதையும், படிப்படியாகப் பெறுகை (நிரூபணம்) எழுதுவதையும் தமிழிலேயே பயில்கிறார்கள். தேசிய கல்வி நிறுவகத்தின் ஆசிரியர் வழிகாட்டிகள் இணையத்தில் உண்டு, கடந்தகால வினாத்தாள்களும் தேடினால் கிடைக்கும். கலைச்சொற்கள் தமிழ்நாட்டுப் பாடநூலிலிருந்து மாறுபடும். இரண்டு நாளில் பழகிவிடும். இந்த வழியில் குறை என்றால் திருத்தம்தான். அந்த வழிகாட்டிகள் வகுப்பில் ஒரு ஆசிரியர் இருக்கிறார் என்ற நம்பிக்கையில் எழுதப்பட்டவை. அதற்கும் ஒரு வழி உண்டு. விளக்கத்தைத் தமிழில் படித்துவிட்டு, கணக்கை மேலே சொன்ன சரிபார்ப்பானில் போடுங்கள். குறியீடுகளுக்கு மொழி கிடையாது. விதிகளின் பெயரும் அமைப்பும் சில இடங்களில் வேறுபடும் என்பதால் விதிப் பட்டியல் ஒன்றைப் பக்கத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். அந்தச் சிரமம் படக்கூடியதுதான். ஆங்கிலத்தில் திணறிப் பாதியில் விடுவதைவிட இது பல மடங்கு மேல்.

நம் மரபிலிருந்தே தொடங்கினால் என்ன என்ற கேள்வியும் வரும். மணிமேகலையின் 29-ஆவது காதையில் அறவண அடிகள் பக்கம் (நிறுவ வேண்டிய கூற்று), ஏது (காரணம்), திட்டாந்தம் (உதாரணம்) என்று அனுமானத்தின் உறுப்புகளையும் ஒவ்வொன்றிலும் வரும் போலிகளையும் வகைவகையாக விரிக்கிறார். மலையில் புகை தெரிகிறது, ஆகவே நெருப்பு உண்டு, அடுக்களையைப் போல. மிகச் செறிவான பகுதி அது, ஒவ்வொரு தமிழரும் படிக்க வேண்டியது. ஆனால் அங்கே உதாரணமும் வாதத்தின் ஓர் உறுப்பு. விஷயத்தைக் கழற்றிவிட்டு வடிவத்தை மட்டும் சோதிக்கும் முறையாக அது அமையவில்லை. வாதமேடையில் எதிராளியும் ஏற்கும்படி அறிவை நிலைநாட்டுவது அதன் நோக்கம். குறியீட்டுத் தர்க்கம் கைவந்த பிறகு அந்தக் காதைக்குப் போனால், எங்கே ஒத்துப்போகிறது, எங்கே பிரிகிறது என்று தெளிவாகப் பார்க்கலாம். கல்லூரி ஆசிரியர் தகுதிக்கான யு.ஜி.சி. நெட் தேர்வின் முதல் தாள் எழுதுகிறவர்கள் மட்டும் வரிசையை மாற்றிக்கொள்ளுங்கள். அங்கே பிரமாணங்கள் (அறிவு பெறும் வழிகள்), வியாப்தி (புகைக்கும் நெருப்புக்கும் போன்ற மாறாத் தொடர்பு), ஹேத்வாபாசம் (போலி ஏது) எல்லாம் பாடத்திட்டத்திலேயே இருக்கின்றன, கூடவே அரிஸ்டாட்டில் மரபின் முரண்சதுரமும் ('எல்லா', 'சில' கூற்றுகள் ஒன்றோடொன்று எப்படி மோதும் என்று காட்டும் படம்).

கேட் (GATE) தேர்வில் கணினி அறிவியல் எழுதுகிறவருக்கு மேக்னஸ் புத்தகத்தின் இரண்டு பாதிகளும் பயன்படும். வங்கித் தேர்வு எழுதுகிறவர் நிலை வேறு. "எல்லாப் பேனாக்களும் புத்தகங்கள்" என்று தந்து "சில புத்தகங்கள் பேனாக்கள்" என்ற முடிவு வருமா என்று அங்கே கேட்பார்கள். அவர்கள் விடைத்தாளில் வரும். அரிஸ்டாட்டில் வழியிலும் வரும், ஏனென்றால் பேனாக்கள் என்று சில இருக்கின்றன என்பது அங்கே சொல்லாமலே ஏற்கப்பட்டது. நவீனத் தர்க்கத்தில் வராது: "எது பேனாவோ அது புத்தகம்" என்ற கூற்று, உலகத்தில் ஒரு பேனாகூட இல்லாவிட்டாலும் உண்மையாகவே இருக்கும், ஆனால் 'சில' என்று சொல்லக் குறைந்தது ஒன்றாவது வேண்டும். நவீனப் புத்தகத்தைப் படித்துவிட்டுப் போய் அந்தக் கேள்விக்கு 'வராது' என்று எழுதினால் மதிப்பெண் போய்விடும். ஆகவே வங்கித் தேர்வு இன்னும் சில மாதங்களில் இருக்கிறதென்றால் வென் படங்களை (வகைகளை வட்டங்களாகப் போட்டுப் பார்ப்பது) மட்டும் பயிற்சி செய்யுங்கள். மேக்னஸைத் தேர்வு எழுதி முடித்த பிறகு திறந்தால் போதும்.